வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு

கீழப்படுகையில் வெள்ள ஒத்திகை நடந்த அன்று, ஊரின் மொத்த ஜனம் நானூற்றுப் பன்னிரண்டில் பதினொரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் மத்தியானம் சாம்பார் சாதம் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மூன்று பேர் பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர்கள். வராவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள். பஸ்ஸுக்கு நின்று, வெயிலுக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கிய இரண்டு பேரை டாக்டர் பரணிதரன் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். ஆக, வெள்ளத்துக்குப் பயந்து வந்தவர்கள் இரண்டே பேர்.

கிராம சுகாதாரச் செவிலியர் மாலதிக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரு மாத உழைப்பு. மைக் கட்டிய ஆட்டோ மூன்று நாள் ஊரைச் சுற்றியிருந்தது. ‘சங்கு ஊதியதும் ஒவ்வொரு வீட்டாரும் ரேஷன் கார்டு, ஆதார், ஒரு மாத மாத்திரை, குடிதண்ணீர் எல்லாவற்றையும் நீலப் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரவும்’ என்று அவளே தன் குரலில் பதிவு செய்து கொடுத்திருந்தாள். நீலப் பைகளும் வீட்டுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றில் பாதி இப்போது உரக்கடைக்கும் மாவு மில்லுக்கும் போய்வந்துகொண்டிருந்தன.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர் கீழப்படுகை. ஊருக்கு ஒரே ரோடு, ரோட்டில் ஒரே தரைப்பாலம். மேட்டுப் பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். கொள்ளிடம் நிரம்பினால் வடிகால் வாய்க்கால் எதிர்த்துக்கொண்டு வந்து தரைப்பாலத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் முழுக்கிவிடும். அப்புறம் படகு வந்தால் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஆனது. கிழக்குத் தெரு சாரங்கபாணி, பதினெட்டு மா நிலத்துக்காரர், பெரிய குரல்காரர், வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று மொட்டை மாடியில் மூன்று நாள் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நகராததால் கிழக்குத் தெருவே நகரவில்லை. தண்ணீர் வடிந்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்து, “என்ன ஆயிப்போச்சு இப்ப?” என்று ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு மாலதியால் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் அந்த வீட்டில் சாரங்கபாணியின் மருமகள் பூவிழி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். எட்டாம் மாசம். பிரஷர் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது. தாய் வீட்டுக்குப் போகலாம் என்றால் அம்மா இல்லை. புருஷன் சூர்யபிரகாஷ் துபாயில். வீடியோ காலில் வந்து கால் வீக்கத்தைப் பார்த்து ‘தண்ணி நிறைய குடி’ என்பான். பிரசவத் தேதி நல்ல மழைக்காலத்தில் வந்து விழுந்திருந்தது. ஒத்திகை ஊருக்காக என்பது காகிதத்தில் இருந்த சங்கதி. மாலதியின் மனசுக்குள் அது முக்கால்வாசி ஒரே ஒரு ஆளுக்காக. தரைப்பாலம் முழுகின பிறகு அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தால் மொட்டை மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது?

ஒத்திகைக்கு மறுநாள் மாலதி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். துணைக்கு நூர்ஜஹானும் வந்தாள். ஊரில் பிரஷர், சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற தன்னார்வலர் அவள். யார் வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்பதுவரை தெரிந்தவள்.

சாரங்கபாணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏங்கய்யா நேத்து வரலை?” என்றாள் மாலதி.

“எங்கேம்மா?”

“ஒத்திகைக்கு. மூணு நாளா மைக்ல சொன்னோமே.”

“கேட்டேன் கேட்டேன். நல்ல குரல் உங்களுக்கு.” சாரங்கபாணி தலையை ஆட்டினார். “ஆனா மைக்ல ஊருக்குச் சொன்னீங்க. என் வீட்டுக்கு யார் வந்து சொன்னா?”

மாலதி விடவில்லை. “ஊர்லதானே ஐயா உங்க வீடு இருக்கு?”

“அது சரி. என் சொந்தத் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தபால்ல போட்டான், போன்லயும் சொன்னான். நான் போகலையே! நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லாத எடத்துக்கு எப்படிம்மா போறது? நமக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?”

அடுத்த வீட்டிலும் இதே பதில்தான். அதற்கடுத்த வீட்டில் இன்னும் மோசம். “மேலத்தெருவுல டீக்கடையில உக்காந்து நீங்களே வாயால சொன்னீங்களாமே? அவங்களுக்கு நேர்ல, எங்களுக்கு மைக்கா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். டீ குடிக்கப் போன இடத்தில் வாய் சும்மா இராமல் இரண்டு வார்த்தை பேசியது இவ்வளவு பெரிய குற்றம் என்று மாலதி கண்டாளா?

“உங்க தெருவாவது பரவாயில்லையா?” என்று நூர்ஜஹானைக் கேட்டாள்.

“எங்க தெருவுல மட்டும் என்ன வாழுதாம்? பள்ளிவாசல்ல சொன்னாங்க. அது பொதுவாச் சொன்னதுன்னு யாரும் வரலை. எங்க வீட்டுக்காரரே வரலைக்கா.”

“யூனுஸ் பாயா? ராத்திரி பகலா உன்கூடத்தானே இருக்காரு?”

“அதைத்தான் நானும் கேட்டேன். ‘நீ ஊரெல்லாம் போய்ச் சொன்ன, என்கிட்ட சொன்னியா’ன்னு கேக்கறாரு.”

மேட்டூர் திறந்தாலும் திறப்பார்கள், இந்த ஊர் கதவைத் திறக்காது என்று மாலதிக்குப் புரிந்தது. அன்று சாயங்காலமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டர் பரணிதரனிடம் சொன்னாள். “இன்னொரு ஒத்திகை வைப்போம் சார். இந்தத் தடவை தட்டு வெச்சு அழைச்சிடறேன்.”

டாக்டர் நல்ல மனுஷர், சென்னையில் படித்தவர். பேரிடர் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “இதுல வெத்தலை பாக்கு பத்தி ஒண்ணும் போடலையே சிஸ்டர்.”

“கீழப்படுகையைப் பத்தியும்தான் போடலை சார்.”

அவர் கையேட்டை மூடினார்.

யார் வீட்டில் முதலில் ஆரம்பிப்பது என்பது அடுத்த ஆபத்து. கிழக்குத் தெருவில் ஆரம்பித்தால் மேலத்தெரு வராது. மேலத்தெருவில் ஆரம்பித்தால் சாரங்கபாணி சாகும்வரை பேச மாட்டார். கடைசியில் முதல் அழைப்பைப் பிள்ளையார் கோயிலிலும், பள்ளிவாசலிலும் வைத்துவிட்டு வருவது என்று நூர்ஜஹான் வழி சொன்னாள். சாமிக்கு அடுத்தபடி என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. “பிள்ளையார் ஒத்திகைக்கு வருவாரா?” என்று டாக்டர் மெய்யாகவே சந்தேகமாகக் கேட்டார். வருவோர் பட்டியலைத் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியவர் அவர். பாவம், அவர் கவலை அவருக்கு.

எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமச் சிமிழ். கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, ஒரு பட்டை குளோரின் மாத்திரை. அரசாங்கமும் சம்பிரதாயமும் ஒரே தட்டில். ஒற்றை ஆளாகப் போய் அழைக்கக் கூடாது என்பதால் மாலதியும் நூர்ஜஹானும் ஜோடியாகப் போனார்கள்.

சாரங்கபாணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று வரவேற்றார். மனைவி ஞானாம்பாள் பாய் விரித்தாள். மாலதி தட்டை நீட்டி, “வர்ற வெள்ளிக்கிழமை வெள்ள ஒத்திகை வெச்சிருக்கோம். நீங்க குடும்பத்தோட அவசியம் வந்து சிறப்பிக்கணும்” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு முட்டியது.

“எத்தனை மணிக்கு?”

“பதினொன்னுக்கு.”

“வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகுகாலமாச்சே!”

“வெள்ளம் ராகுகாலம் பாத்து வருமா ஐயா?”

“அது வரட்டும், அதை யாரு அழைச்சா? நாம அழைச்சு வைக்கறது நல்ல நேரத்துல இருக்கணும்ல?”

ஒத்திகை ஒன்பதரைக்கு மாற்றப்பட்டது. சாரங்கபாணி திருப்தியாக வெற்றிலையை எடுத்து மடித்து, கூடவே ஒரு குளோரின் மாத்திரையையும் பிய்த்தார். நூர்ஜஹான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். “ஐயா, அது குடிதண்ணில போடறது! இருபது லிட்டருக்கு ஒண்ணு!”

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கே பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சலவை வேட்டி, அத்தர் வாசனை. நீலப் பையை ஒருவரும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்த தட்டுகளோடு வந்திருந்தார்கள். யூனுஸ் பாய் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தை டாக்டர் கையில் கொடுத்து, “வெள்ளம் நல்லபடியா நடக்கட்டும்” என்று வாழ்த்திவிட்டுப் போனார். மைக் செட்காரன் பழக்க தோஷத்தில் நாதஸ்வர இசையைப் போட்டுவிட்டான்.

“ஐயா, உங்க மாத்திரை எல்லாம் எங்க?” என்று டாக்டர் சாரங்கபாணியைக் கேட்டார்.

“வீட்டுல பத்திரமா இருக்கு.”

“வீடு முழுகிடுச்சுன்னு வெச்சுக்குங்க...”

“நல்ல நாளும் அதுவுமா அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி. முதல் பந்தி எத்தனை மணிக்கு?”

ஆனால் கூட்டம் கூட்டம்தான். முன்னூற்றுத் தொண்ணூற்று மூன்று தலை. உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலக்குவது, பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது, எந்தத் தெருவுக்கு எந்த டிராக்டர் என்பதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் வேறு வழியில்லாமல் எல்லோரும் கேட்டார்கள். “மாவட்டத்துலயே நாமதான் சிஸ்டர் முதல்!” என்று டாக்டர் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்.

மாலதியும் பூரித்துப்போய்த்தான் இருந்தாள். பந்தி நடக்கும்போது, தன் பதிவேட்டைப் பிரித்து ஒரு வழக்கத்துக்காகச் சரிபார்த்தாள். ஊரில் கர்ப்பிணிகள் மூன்று பேர். மூன்று பேரையும் காணோம். படுக்கையில் கிடக்கிறவர்கள் ஐந்து பேர். ஒருவரையும் காணோம். சரி, அவர்களை யாராவது தூக்கி வந்திருக்க வேண்டுமே? தூக்கி வரவேண்டியவர்கள் மூன்றாவது முறை அப்பளம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனாள்.

கிழக்குத் தெருவில் ஒரு வீடும் பூட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் காவலுக்கு இருந்தது. ஒரு வீட்டில் கை விளங்காத கிழவர். ஒரு வீட்டில் டயாலிசிஸ் போகிற அம்மாள். வீட்டோடு விசேஷத்துக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்களை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது இந்த ஊரில் காலகாலமாக நடப்பதுதானே. அழைக்கப் போனபோது இது அவள் மண்டையில் ஏறவில்லை. கர்ப்பிணிகள், படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று பட்டியலில் அவள் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்த பதினேழு பெயர்களும் அப்படியே, அந்தந்த வீட்டில், காவலுக்கு இருந்தன.

பூவிழி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் பொதபொதவென்று இருந்தது.

“நீ ஏன்டி வரல?” மாலதி கத்தியே விட்டாள்.

“வீட்டை யாருக்கா பாத்துக்கறது? மாடு வேற ரெண்டு இருக்கே.”

“இத்தனையும் உனக்காகத்தானே...”

“என்னை யாரும் அழைக்கலையேக்கா,” என்றாள் பூவிழி. அதில் மனக்குறையே இல்லை. கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “மாமாகிட்ட தட்டு நீட்டினீங்க. அத்தைக்குக் குங்குமம் கொடுத்தீங்க. நான் அடுக்களைக் கதவுகிட்டதான் நின்னுட்டு இருந்தேன்.”

மாலதிக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. பூவிழி அங்கே நின்றுகொண்டிருந்தாள்தான். கதவோரம் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது இப்போது நினைவுக்கு வந்தது. வாராவாரம் பிரஷர் பார்க்கிற பெண். அவளைத் தாண்டிப் பெரியவரைப் பார்த்து ‘குடும்பத்தோட’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஊரைப் பார்த்துச் சிரித்ததற்கு நன்றாக வேண்டும். வெட்கமாக இருந்தது. பிரஷர் பட்டையை எடுத்துக் கட்டினாள். நூற்று ஐம்பது காட்டியது. டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள். தஞ்சாவூர் போய்க் காட்டச் சொன்னதற்கு, ‘அறுவடை முடியட்டும்’ என்றார் பந்தியிலிருந்து திரும்பி வந்த சாரங்கபாணி.

பதினாறாம் நாள் வெள்ளம் வந்தது. நல்ல நேரமா என்று அதை யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக விடாத மழை. மேலே திறந்துவிட்ட தண்ணீர் கொள்ளிடத்தில் கரை தொட்டு வருகிறது, மாலைக்குள் படுகை ஊர்களைக் காலி செய்யவும் என்று பகல் பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. டாக்டர் டிராக்டர்களைத் திரட்டினார். மைக் ஆட்டோ தெருவில் இறங்கியது. போன தடவை முறையாக அழைத்திருந்தபடியால் மேலத்தெரு தானாகவே மூட்டை கட்டியது.

மாலதியும் நூர்ஜஹானும் தட்டு எடுக்கவில்லை. ஒரு குடை, பதினேழு பெயர் எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். வீட்டுத் தலைவர்களை விட்டுவிட்டு நேரே கட்டிலுக்கும் அடுக்களைக்கும் போனார்கள். “பெரியப்பா, உங்களை அழைக்க வந்திருக்கோம்” என்று நூர்ஜஹான் கை விளங்காத கிழவரிடம் போய் நின்றாள். அவருக்கு வாய் கோணிக்கொண்டது. சிரித்தாரா அழுதாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. “சட்டையை எடுடா” என்று மகனை அதட்டினார்.

சாரங்கபாணி வெள்ளை வேட்டி சட்டையில் வாசலில் தயாராக நின்றிருந்தார். தெருமுனையில் முழங்கால் தண்ணீர். “வாங்க நர்சம்மா, எங்க வராமப் போயிடுவீங்களோன்னு பாத்தேன்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொஞ்சம் வழி விடுங்கய்யா,” என்று மாலதி ஈரக்காலோடு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

பூவிழி அடுக்களையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலதி அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். “பூவிழி, உன்னை அழைக்கத்தான் வந்திருக்கேன். நீ அவசியம் வரணும்.”

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாட்டியிருந்த நீலப் பையை எடுத்தாள். அதில் ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை எல்லாம் மைக்கில் சொன்ன வரிசைப்படி இருந்தன. ஊரில் ஒழுங்காகப் பை கட்டியவள் அவள் ஒருத்திதான்.

“ஏம்மா, அவளும் வந்துட்டா வீட்டை யாரு பாத்துக்கறது?” என்றார் பின்னாலேயே வந்த சாரங்கபாணி.

“தண்ணி பாத்துக்கும் மாமா,” என்றாள் பூவிழி.

நாலு வருஷத்தில் மாமனார் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. ஞானாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்காமல் குலுங்கினாள். சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போய் மாடுகளை அவிழ்த்து மேட்டுப் பக்கம் விரட்டிவிட்டாள்.

“அப்ப எனக்கு அழைப்பு?” சாரங்கபாணியின் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

“பூவிழிக்குத் துணை வேணும்யா. அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு வாங்க.”

அவர் நீலப் பையைத் தூக்கிக்கொண்டார். டிராக்டரில் பூவிழி முன்னால் மெத்தை போட்டு உட்கார, பதினெட்டு மாக்காரர் பின்னால் ஆட்டுக்குட்டிகளோடு உட்கார்ந்து போனார். அதைப் பார்த்த கிழக்குத் தெரு அப்புறம் ஒரு பேச்சுப் பேசவில்லை. அடுத்தடுத்த டிராக்டர்களில் ஏறிக்கொண்டது.

தரைப்பாலத்தை இரண்டே காலுக்குத் தாண்டினார்கள். நாலு மணிக்குப் பாலம் இருந்த இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மாலதி பிரஷர் பார்த்தபோது நூற்று எழுபது தாண்டியிருந்தது. பூவிழிக்குக் கண் மங்கியது. மாலதி டாக்டரைக் கூப்பிட்டாள். மொட்டை மாடியும் குடையும் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்து போனது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். 108 வந்து நின்றது.

“ஒருத்தர்தான் கூட வரலாம். யாரு வர்றது?” என்றார் டிரைவர். சாரங்கபாணி முன்னால் வந்தார்.

“அத்தை வரட்டும்,” என்றாள் பூவிழி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி.

ஞானாம்பாள் ஏறிக்கொண்டாள். கதவு சாத்துகிற அவசரத்தில் பூவிழியின் செருப்பு கீழே கிடந்தது. சாரங்கபாணி குனிந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி தஞ்சாவூர் ரோட்டில் திரும்புகிற வரை மழையில் நின்றார்.

மறுநாள் காலை ஞானாம்பாளிடமிருந்து போன் வந்தபோது மாலதி குளோரின் கலந்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாயிற்று. வகுப்பறையில் பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்த சாரங்கபாணியிடம் ஓடினாள். சுற்றிலும் கிழக்குத் தெரு மொத்தமும் எழுந்து நின்றது. “உங்க வீட்டுல குழந்தை பொறந்தாச்சு ஐயா!”

“பையனா பொண்ணா?” என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள்.

சாரங்கபாணி அதைக் கேட்கவில்லை. எழுந்து வந்து, மாலதிக்கு மட்டும் கேட்கிற குரலில், “பூவிழிக்கு எப்படி இருக்கு நர்சம்மா?” என்றார்.

“நல்லாயிருக்கா ஐயா,” என்றாள் மாலதி. போனை அவரிடம் நீட்டினாள்.